பெருங்காய மூடி

ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி குடித்து முடித்ததும் யோகேஸ்வரி இரும்பு பீரோவைத் திறப்பாள். சேலைகள் இருக்க வேண்டிய இரண்டு தட்டுகளிலும் கேமராக்கள் இருந்தன. மொத்தம் பத்தொன்பது, எல்லாமே பிலிம் போடுகிறவை. ஒவ்வொன்றாக எடுத்து, கட்டிலில் விரித்த துண்டின்மேல் வைத்து, விசையை ஏற்றிப் பொத்தானை அழுத்துவாள். முதலில் வேகமாக ஒரு தடவை, பிறகு ஒரு வினாடியில் ஒரு தடவை. ஒரு வினாடி என்று வைத்தால் உள்ளே ஒரு வண்டு பறப்பதுபோலச் சத்தம் கிளம்பி, டக்கென்று நிற்க வேண்டும். இழுத்து இழுத்து நின்றால் உள்ளே எண்ணெய் இறுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதை மட்டும் இன்னும் நாலு தடவை அழுத்துவாள்.

கணவர் ராஜபாண்டியன் இருந்தவரை அது அவர் வேலை. "வாரம் ஒரு தடவையாவது நடக்க விடலேன்னா இதுகளுக்கு முட்டு பிடிச்சுக்கிடும்" என்பார். நெஞ்சுவலி வந்து அவர் போனது, கோயிலில் பங்குனிப் பொங்கல் முடிந்த மூன்றாம் நாள். காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, காபி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு அவளாகவே போய் பீரோவைத் திறந்தாள். அதற்குப் பிறகு பதினைந்து மாதங்களில் ஒரு ஞாயிறும் தவறவில்லை. கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற மகன் விக்னேஷ்வரன் எதற்கு இது என்று போனில் கேட்டபோது, "செடிக்குத் தண்ணி ஊத்துத மாதிரிதான்லே, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டாள்.

ஒரு காலத்தில் அவளுக்கு இவை ஒவ்வொன்றின்மேலும் ஒரு கோபம் இருந்தது. எந்தச் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வராமல் எந்தக் கேமராவைப் பார்க்க மதுரைக்குப் பஸ் ஏறினார் என்று வரிசையாகச் சொல்வாள். தோல் உறை போட்ட ரஷ்யக் கேமரா அவளுடைய சித்தி மகள் கல்யாணம். மூக்குக் கண்ணாடிக்காரர் ஒருவர் வீட்டுப் பரணிலிருந்து வந்த மடக்குக் கேமரா, விக்னேஷ்வரனுக்குப் பள்ளிக்கூடத்தில் பரிசு கொடுத்த நாள். அவர் மறுத்துப் பேச மாட்டார். லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பாரு, ஒரு பூஞ்சை இல்ல" என்பார். விருதுநகர் வெயிலில் பூஞ்சைக்கு ஏது வழி. கொச்சியில் இருந்த அவருடைய நண்பர் ஒருவர், தன் லென்ஸெல்லாம் மழையில் பூத்துப்போவதாகவும், உங்கள் ஊருக்கே குடிவந்துவிடலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருந்தார். "வாங்க, குடிக்கத் தண்ணி மட்டும் கொண்டாந்துருங்க" என்று இவர் பதில் எழுதினார்.

அந்த ஞாயிறு பதினான்காவது கேமராவைக் கையில் வைத்திருந்தபோது வாசலில் குரல் கேட்டது.

"மதினி, இருக்கீகளா?"

"வாங்க தம்பி. கதவு தொறந்துதான் கெடக்கு."

அய்யாதுரைக்குச் சிவகாசிக்கு அந்தப் பக்கம் சின்னதாக ஒரு பட்டாசுக் கம்பெனி. ராஜபாண்டியனை அண்ணாச்சி என்று கூப்பிட்டுப் பழகியவர். அவருடைய கம்பெனி டப்பாக்களில் மேலே ஒட்டுகிற லேபிளுக்கு, இருபது வருசத்துக்கு மேலாகப் படம் எடுத்துக் கொடுத்தது ராஜபாண்டியன்தான். உள்ளே வந்தவர் கட்டிலைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இன்னும் இதெல்லாம் வச்சிருக்கீகளா மதினி."

"எங்க போகச் சொல்லுதீக. அதுகளுக்கும் இதான வீடு."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கையிலிருந்த சுருளை விரித்தார். லேபிளுக்குப் போட்டுப் பார்த்த மாதிரி அச்சு. கருநீல வானத்தில் ஐந்து பொன் பூக்கள்.

"புது ஐட்டம். பேரு சரக்கொன்றை. மேல போயி வெடிச்சதும் செதறாது மதினி. கொத்துக் கொத்தாத் தொங்கும். ஏழு எண்ணுத வரைக்கும் அங்கனயே தொங்கிட்டுத்தான் அணையும். பச்சை நெறத்துக்குப் போடுத பேரியம் உப்பைக் கோர்ட்டுல வேண்டாம்னுட்டாகள்லா, அதுக்கப்புறம் நானும் நம்ம ஃபோர்மேன் ஊர்க்காவலனும் ரெண்டு வருசமா இதத்தான் உருட்டிக்கிட்டுக் கெடந்தோம்."

யோகேஸ்வரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தாள்.

"அஞ்சும் ஒண்ணுபோல இருக்கே."

"அதான் வயித்தெரிச்சல். எம் பையன் ஒண்ணப் போன்ல எடுத்து, கம்ப்யூட்டர்ல அஞ்சா ஒட்டிட்டான். கேட்டா, யாருப்பா உக்காந்து ஒத்துப் பாக்கப் போறாங்கங்கான். நான் பாக்கேன்லா. பெத்தவனுக்குத் தெரியாதா." சுருளை மறுபடி சுற்றினார். "எங்க ஆபீஸ்ல அண்ணாச்சி எடுத்த படம் ஒண்ணு மாட்டியிருக்கேனே, ஏழு வெள்ளிப் பூ. அதுல ஒரு பூ மாதிரி இன்னொண்ணு இருக்காது. அது மாதிரி வேணும். அண்ணாச்சிகிட்ட தொழில் பழகுனவுக யாராச்சும் இருக்காகளான்னு கேட்டுட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

"செல்லப்பாண்டி இருந்தான். அவனும் துபாய் போயி பன்னெண்டு வருசமாச்சு." ரஷ்யக் கேமராவைத் துண்டில் வைத்துவிட்டுச் சொன்னாள். "அவுக படம் எடுக்கையில லென்ஸுக்கு முன்னால மூடி புடிச்சது நான்தான தம்பி."

"அது தெரியும் மதினி. படம் எடுத்தது அண்ணாச்சிதான."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஊரில் எல்லாரும் சொல்வதுதான். ஆனாலும் யோகேஸ்வரிக்கு அந்தச் சொல் சோற்றில் கல் மாதிரி பல்லில் பட்டது. அவள் யோசித்து முடிப்பதற்குள் வாய் பேசிவிட்டது.

"எத்தன வெடி கைவசம் இருக்கு?"

"சாம்பிள் பன்னெண்டு. அதுக்கு மேல இந்த மாசம் செய்ய முடியாது. அடுத்த பத்தாம் தேதி லேபிள் அச்சுக்குப் போயாகணும்."

"சரி. நான் வந்து எடுத்துத் தாரேன்."

அய்யாதுரை சுருளை எடுத்துக்கொண்டு எழுந்தார். பிறகு, "சரியா வரலேன்னாலும் ஒண்ணும் நெனைக்காதீக மதினி. பையன் போட்டதே போகட்டும்னு விட்டுருவேன்" என்றார். அந்த ஆறுதல் முதலில் சொன்னதைவிட மோசமாக இருந்தது.

ஒரே படத்தில் ஐந்தாறு வாணப் பூக்களைக் கொண்டுவருவதற்கு ராஜபாண்டியன் வைத்திருந்த வழி எளிமையானது. கேமராவை ஸ்டாண்டில் இறுக்கி, வானத்தைப் பார்க்கத் தூக்கி வைத்து, லென்ஸின் கதவைத் திறந்தபடியே நிறுத்திவிடுவார். லென்ஸுக்கு முன்னால் ஒரு கருப்பு மூடி இருக்கும். வெடி மேலே போய்ப் பூ விரிகிறபோது மூடியை எடுக்க வேண்டும். அணைவதற்கு முன்னால் திரும்ப மறைக்க வேண்டும். அடுத்த பூவுக்கு மறுபடி எடுக்க வேண்டும். பிலிம் அசையாமல் அதே இடத்தில் இருக்கும். பூக்கள் ஒவ்வொன்றாக வந்து அதில் உட்காரும். சீக்கிரம் எடுத்தால் வால் கோடாக விழும், தாமதித்தால் பாதிப் பூதான் கிடைக்கும். மூடி கேமராவைத் தொட்டால் படம் நடுங்கிவிடும், ரொம்பத் தள்ளி இருந்தால் ஓரத்தில் வெளிச்சம் புகும். ஒரு நெல் இடைவெளிதான் கணக்கு.

கல்யாணமான ஏழாம் மாதம், மூடி பிடிக்கிற செல்லப்பாண்டி, ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போய்விட்டான். வெடியெல்லாம் தயாராக இருந்தது. "நீ வாரியா, சும்மா ஒரு அட்டையப் புடிக்கணும், அம்புட்டுத்தான்" என்று ராஜபாண்டியன் அவளைக் கூட்டிப்போனார். அட்டை காற்றில் ஆடும் என்று அவளுக்குத் தோன்றியது. அடுப்படியில் காலியாகக் கிடந்த பெருங்காயத் தகர டப்பாவின் மூடியை எடுத்துக்கொண்டாள். லென்ஸுக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. பிறகு அவர் அதற்குக் கருப்பு பெயிண்ட் அடித்து, உள்ளே வெல்வெட் துணி ஒட்டி, பிடிப்பதற்கு ஒரு கம்பிக் காதும் வைத்துக் கொடுத்தார். ஊரிலிருந்து திரும்பிய செல்லப்பாண்டிக்கு விளக்குப் பிடிக்கிற வேலைதான் மிஞ்சியது. "எல்லாம் அம்மன் செயல்க்கா" என்று அவன் நொந்துகொண்டான்.

அன்றிலிருந்து இருபத்தெட்டு வருசம் அவர் "எடு" என்பார், அவள் எடுப்பாள். "வை" என்பார், வைப்பாள். படம் வந்ததும் கம்பெனிக்காரர்கள், "ராஜபாண்டியன் கை ராஜபாண்டியன் கைதான்" என்பார்கள். அவள் காபி கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அதில் அவளுக்குக் குறை ஒன்றும் இருந்ததில்லை, அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

பிரிட்ஜில் முட்டை வைக்கிற இடத்தில் ஒரே ஒரு ஸ்லைடு பிலிம் மிச்சமிருந்தது. தேதி முடிந்து இரண்டு வருசமாகியிருந்தது. அவர் இருந்தபோது அந்த வரிசை முழுக்கப் பிலிம்தான். "முட்டைய எங்க வைக்க, என் தலையிலயா?" என்று கேட்டால், "ஆம்லெட் போட்டுரு" என்பார். வேறு பிலிம் வரவழைக்கலாமா என்று மதுரையில் கேட்டுப் பார்த்தாள். ஒரு மாதம் ஆகும் என்றார்கள். ஆக ஒரு பிலிம், பன்னிரண்டு வெடி.

பீரோவிலிருந்து யாஷிகாவை எடுத்தாள். மேலும் கீழுமாக இரண்டு கண் வைத்த பெட்டிக் கேமரா. மேல் கண் பார்க்க, கீழ்க் கண் படம் எடுக்க. தலையைக் குனிந்து மேலே உள்ள கண்ணாடியில் பார்த்தால், உலகம் இடம் வலம் மாறித் தெரியும். பத்தொன்பதிலும் அவர் கையில் அதிகம் இருந்தது இதுதான். பேட்டரி கிடையாது, உள்ளே இருப்பதெல்லாம் பல்சக்கரமும் சுருள் கம்பியும். "பட்டாசுக் கம்பெனிக்குள்ள தைரியமாக் கொண்டு போகலாம், இதுக்கு ஒரு பொறி கூடப் பறக்கத் தெரியாது" என்று தோளில் தட்டுவதுபோல அதைத் தட்டுவார்.

மூன்று நாள் மொட்டை மாடியில், பிலிம் இல்லாத கேமராவை வைத்துப் பழகினாள். இடது கையில் பொத்தானை அழுத்துகிற நீளக் கம்பி, வலது கையில் மூடி. கம்பியின் தலையில் உள்ள திருகை முடுக்கிவிட்டால், லென்ஸ் திறந்தபடி நிற்கும். இரண்டு வேலையையும் ஒரே ஆளே பார்க்க முடியும் என்று தெரிந்ததும் அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்த லட்சுமிகாந்தம் அக்கா, "என்ன யோகு, ஆகாசத்துக்குத் தீவாரணை காட்டுதியா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா. மழை வருதான்னு பாக்கேன்."

"இன்னும் நாலு சுத்து சுத்து. எம் மிளகா காஞ்ச பெறகு வரச் சொல்லு."

விக்னேஷ்வரன் போனில், "எதுக்கும்மா இந்த வேல, வரலேன்னா உனக்குத்தான் மனசு கஷ்டமாயிரும்" என்றான்.

"வரலேன்னா வரல. ஆனா, வந்தா யாரால வந்துச்சுன்னு தெரிஞ்சிரும்லா."

அவன் அதற்குமேல் தடுக்கவில்லை. "யாஷிகாவா எடுத்துட்டுப் போற?" என்று மட்டும் கேட்டான்.

வியாழக்கிழமை சாயங்காலம் பருத்திச் சேலை கட்டிக்கொண்டு போனாள். நைலான் கட்டிக்கொண்டு கம்பெனிக்குள் போகக்கூடாது என்பது இத்தனை வருசத்தில் அவள் உடம்பிலேயே ஊறியிருந்தது. கேட்டில் போனை வாங்கி மரப்பெட்டிக்குள் வைத்த வாட்ச்மேன், கேமராப் பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "அண்ணாச்சியோட பெட்டிதான, போங்கம்மா" என்றான். வேலை செய்கிற கொட்டகைகளுக்கு வெகு தூரம் தள்ளி, வெடித்துப் பார்ப்பதற்கென்று ஒரு பொட்டல் விட்டிருந்தார்கள். சுற்றிலும் ஒரு செடி இல்லாமல் செதுக்கியிருந்தது. ஊர்க்காவலன் மணல் வாளிகளை வரிசையாக வைத்துவிட்டு, வெடி ஏவுகிற குழாயை மண்ணில் பாதி புதைத்துக்கொண்டிருந்தார். அறுபது வயது. புருவத்தில் ஒரு பக்கம் மயிரே கிடையாது.

"வாங்கம்மா. மொதலாளி சொன்னாரு. அண்ணாச்சி எடம் அந்தக் கல்லுகிட்டத்தான்."

ஸ்டாண்டின் மூன்று கால்களும் எப்போதும் நிற்கிற அந்தச் சப்பைக் கல் அப்படியே இருந்தது. கேமராவை ஏற்றி, பிலிமைப் போட்டு, முதல் படத்துக்குச் சுற்றினாள். வெள்ளிப் பூ என்றால் லென்ஸின் துவாரத்தைப் பதினாறில் வைக்க வேண்டும். பொன் நிறம் மங்கல், துவாரம் பெரிதாக வேண்டும், எட்டு. பிலிம் பழசு, அதனால் இன்னும் அரைப் படி திறந்து வைத்தாள். கண்ணாடியில் குனிந்து பார்த்து, குழாயை எங்கெங்கே மாற்றி நட வேண்டும் என்று ஊர்க்காவலனுக்குச் சொன்னாள்.

"மொத ரெண்டும் அங்கனயே. அப்புறம் எட்டு அடி கெழக்க."

"கண்ணாடில பாத்துக் கெழக்கயா, நெசக் கெழக்கயா? அண்ணாச்சி ஒருக்கா கண்ணாடியப் பாத்துச் சொல்லி, நான் வேலிக்கு வெளிய போயிட்டேன்."

"நெசக் கெழக்கண்ணே."

அய்யாதுரை நாற்காலி கொண்டுவரச் சொல்லிவிட்டு, அதில் உட்காராமல் பின்னால் நின்றார். ஏழு மணி தாண்டி, மேற்கே கடைசிச் சிவப்பும் அணைந்தது. யோகேஸ்வரி மூடியை லென்ஸுக்கு முன்னால் ஒரு நெல் இடைவெளியில் பிடித்தாள். இத்தனை வருசம் கழித்தும் அதில் லேசாகப் பெருங்காய வாசம் இருந்தது. இடது கையால் கம்பியை அழுத்தி முடுக்கினாள். உள்ளே மெல்லக் கிளுக்கென்றது. லென்ஸ் திறந்துகொண்டது.

"விடுங்கண்ணே."

திரியில் நெருப்பு வைத்துவிட்டு ஊர்க்காவலன் ஓடி விலகினார். தொப்பென்று குழாய் உதைத்தது. கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ மேலே ஏறிப் போயிற்று. பிறகு வானத்தில் பொன் பூ விரிந்தது. அய்யாதுரை சொன்னது உண்மைதான். அது சிதறவில்லை. சித்திரை மாதத்துக் கொன்றை மரம்போலக் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. தொங்கியபடியே மெதுவாக இறங்கியது. என்ன அழகு என்று அவள் பார்த்தாள். ஏழு எண்ணி முடித்ததும் அணைந்தது. வலது கை இருந்த இடத்திலேயே இருந்தது. மூடியும்.

"வந்துச்சா மதினி?"

"இல்ல தம்பி. இன்னொண்ணு விடச் சொல்லுங்க."

இரண்டாவதும் போனது, விரிந்தது, தொங்கியது, அணைந்தது. இந்த முறையும் கை அசையவில்லை. அவள் கையைக் குனிந்து பார்த்தாள். மரத்துப் போகவில்லை, நடுங்கவுமில்லை. அது காத்துக்கொண்டிருந்தது. எடு என்று இடது பக்கத்திலிருந்து வர வேண்டிய குரலுக்காக, சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளைபோலக் காத்துக்கொண்டு நின்றது. மாடியில் பழகியபோது வானத்தில் ஒன்றும் விரியவில்லை என்பதால் இது தெரியாமல் போய்விட்டது.

அந்தப் பதற்றத்தில் கம்பியைத் தளர்த்தி, பிலிமை அடுத்த படத்துக்குச் சுற்றிவிட்டாள். ஒன்றும் விழாத பிலிமை ஏன் சுற்றினோம் என்று பிறகுதான் நினைத்தாள்.

"என்னம்மா சங்கதி?" என்று ஊர்க்காவலன் கிட்டே வந்தார்.

"எடுன்னு சொல்ல ஆள் இல்ல, கை எந்திரிக்க மாட்டேங்குது."

"இவ்வளவுதான. நான் சொல்லுதேன்."

மூன்றாவது வெடியின் திரியில் நெருப்பு வைத்த கையோடு, ஓடிக்கொண்டே ஊர்க்காவலன், "எடு, எடு, எடு" என்று பொட்டலே கேட்கக் கத்தினார். வெடி இன்னும் குழாய்க்குள்ளேயே இருந்தது. யோகேஸ்வரி மூடியை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுப்பதற்குள் பாதிப் பூ இறங்கிவிட்டது. நல்லவேளை, கம்பியை அவள் இன்னும் முடுக்கியிருக்கவில்லை என்பதால் பிலிமில் ஒன்றும் விழவில்லை.

"அண்ணே, நீங்க பத்த வைங்க. அது போதும்."

"நான் சொன்னது சரியா இல்லையாம்மா?"

"சரிதான். மூணு தடவ சொல்லிட்டீக."

அய்யாதுரை தொண்டையைச் செருமினார். "மதினி, இன்னும் ஒம்போது இருக்கு. வேணும்னா கம்ப்யூட்டர்லயே..."

"ஒரு நிமிசம் தம்பி."

அவருக்காகப் போட்ட நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். மூடி மடியில் இருந்தது. அய்யாதுரை ஆபீஸில் மாட்டியிருக்கிற ஏழு வெள்ளிப் பூப் படம் நினைவுக்கு வந்தது. எல்லாரும் ராஜபாண்டியன் கை என்று கொண்டாடுகிற படம். அதை எடுத்த நாள் எது என்று யோசித்தாள். இதே பொட்டல், இதே கல். காலடியில் கிடந்த கேமராப் பைக்குள் பழைய வெள்ளைத் துண்டு ஒன்று தெரிந்தது. துண்டு எதற்கு? அப்போதுதான் நினைவு வந்தது. அன்று மத்தியானம் அவர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தார். வாய் முழுக்கப் பஞ்சு. கன்னத்தில் துண்டு கட்டி, அனுமார் மாதிரி நின்றார். செல்லப்பாண்டி சிரிப்பை அடக்க முடியாமல் வேலிப் பக்கம் போய்விட்டான். அன்றைக்கு அந்த மனுசன் வாயிலிருந்து எடுவும் வரவில்லை, வையும் வரவில்லை. ஏழு பூவுக்கும் அவள் கை தானாகத்தான் எழுந்தது, தானாகத்தான் மூடியது. வீட்டுக்குத் திரும்பும்போது அவர் ஒரு சீட்டில் எழுதிக் காட்டியதும் நினைவுக்கு வந்தது: நான் சொன்னால்தான் தாமதமாகிறது போல.

அதைப் படித்துவிட்டு அவள், "வாய மூடிட்டு ரசம் குடிங்க" என்று சொல்லியிருந்தாள். மறுநாளிலிருந்து அவர் பழையபடி எடு, வை என்று தொடங்கிவிட்டார், அவளும் பழையபடி கேட்டுக்கொண்டாள். இரண்டு பேருக்கும் அது பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

யோகேஸ்வரி எழுந்து, மூடியை லென்ஸுக்கு முன்னால் பிடித்து, கம்பியை முடுக்கினாள்.

"விடுங்கண்ணே."

தொப்பென்று உதைத்த சத்தத்துக்கும் பூ விரிவதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று அவள் எண்ணவில்லை. கை எழுந்தது. பொன் கொத்து கீழே இறங்கி, நுனி மங்கத் தொடங்கும்போது கை திரும்பி வந்தது. மூடி கேமராவைத் தொடவில்லை. ஊர்க்காவலன் குழாயை எட்டு அடி கிழக்கே மாற்றினார். அடுத்தது. பிறகு மேற்கே. ஐந்து பூவும் முடிந்ததும் கம்பியைத் தளர்த்தி, பிலிமைச் சுற்றினாள். மிச்சம் நான்கு வெடி இருந்தது. அய்யாதுரை ஐந்துதான் கேட்டிருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு படத்தில் அந்த நான்கையும் எடுத்தாள். கடைசிப் பூவுக்கு மூடியை வைத்தபோது, "வை" என்று தன் வாயே மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது. பின்னால் நின்ற அய்யாதுரைக்குக் கேட்டிருக்காது.

பிலிம் மும்பைக்குப் போய்க் கழுவி வரப் பதினோரு நாள் ஆனது. அந்தப் பதினோரு நாளும் அவள் யாரிடமும் அதைப்பற்றிப் பேசவில்லை. கூரியர்க்காரன் மணி அடித்தால் மட்டும் அடுப்பை அணைத்துவிட்டுப் போனாள். ஒரு தடவை அது கேஸ் கம்பெனி ரசீது. இன்னொரு தடவை லட்சுமிகாந்தம் அக்காவுக்கு வந்த பார்சல்.

உறை வந்த அன்று அய்யாதுரையும் ஊர்க்காவலனும் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். ராஜபாண்டியன் மேஜையில் இருந்த கண்ணாடிப் பலகைக்குக் கீழே விளக்கைப் போட்டு, பிலிமை விரித்தாள். சதுரம் சதுரமாக வரிசை. அவளுக்கு முதலில் கண்ணைக் கொண்டுபோகவே பயமாக இருந்தது.

"இது என்ன மதினி, மொதல்ல ஒண்ணு கருப்பா?"

"அது உங்க அண்ணாச்சி எடுத்தது. அவுக சொல்லட்டும்னு நின்னேன், ஒண்ணுஞ் சொல்லல."

அய்யாதுரை சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அவளைப் பார்த்தார். அவள் சிரிக்கிறாள் என்று கண்டதும் அவரும் சிரித்தார்.

இரண்டாவது படத்தில் ஐந்து பூக்கள் இருந்தன. நன்றாகத்தான் இருந்தன, ஆனால் இரண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறி, நடுவில் புகையும் சேர்ந்து மஞ்சள் கஞ்சிபோல ஆகியிருந்தது. மூன்றாவது படத்தின்மேல் அய்யாதுரை பூதக்கண்ணாடியை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. நான்கு பூக்கள். ஒன்று அப்போதுதான் விரிந்து நிமிர்ந்திருந்தது, ஒன்று பாதி தொங்கியிருந்தது, ஒன்று காற்றில் லேசாகச் சாய்ந்திருந்தது. நான்காவது நுனி மங்கி, இழை இழையாகக் கரையத் தொடங்கியிருந்தது. வலது மேல் மூலையில் மட்டும் சுத்தமான இருட்டு.

"ஊர்க்காவலா, இங்கன வாலே. நம்ம புள்ளையப் பாரு."

ஊர்க்காவலன் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். "கரி கொஞ்சம் கூடத்தான் போட்டிருக்கோம் மொதலாளி. நுனி இழையுது பாருங்க. நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் வராது என்று எல்லாருக்கும் தெரியும்.

"ஆனா அஞ்சு கேட்டீகளே தம்பி. இதுல நாலுதான் இருக்கு."

"அஞ்சும் அடைச்சுக்கிட்டா பேர எங்க போட? இந்த மூலையில சரக்கொன்றைன்னு எழுதிரலாம்லா." அய்யாதுரை பூதக்கண்ணாடியை எடுத்து அவளிடம் நீட்டினார். "மதினி, அன்னைக்கு நான் ஒரு வார்த்த சொல்லிட்டேன்."

"என்ன வார்த்த?"

"மூடி புடிச்சது வேற, படம் எடுத்தது வேறங்கத மாதிரி."

"அப்பிடியா சொன்னீக, எனக்கு ஞாபகம் இல்ல. காபி குடிக்கீகளா, டீயா?"

காபி கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே போகாமல் அங்கேயே நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தானும் குடித்தாள். ஐந்து பூப் படத்தில் எங்கே தப்பு நடந்தது, குழாயை இன்னும் எத்தனை அடி தள்ளியிருக்க வேண்டும் என்று மூவரும் பேசினார்கள். புகை போவதற்கு இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும் என்றாள் அவள். மார்கழிக்குள் இன்னொரு ஐட்டம் தயாராகிவிடும், அது வெள்ளி என்றார் அய்யாதுரை. "வெள்ளின்னா பதினாறுல வைக்கணும்" என்று சொல்லிவிட்டு, அந்தக் கருப்புச் சதுரத்தை மட்டும் வெட்டி யாஷிகாவின் தோல் உறைக்குள் போட்டாள்.

புரட்டாசியில் விக்னேஷ்வரன் இரண்டு நாள் லீவில் வந்தான். வருகிற வழியிலேயே ஒரு கடையில் சரக்கொன்றை டப்பா ஒன்று வாங்கி வந்திருந்தான். லேபிளை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, கடைக்காரரிடம் இது எங்கம்மா எடுத்த படம் என்று சொன்னதாகவும், அதற்கு அவர், சரி தம்பி, ஆனால் விலையில் குறைக்க முடியாது என்று சொன்னதாகவும் சொன்னான்.

தண்ணீர் எடுக்கப் பிரிட்ஜைத் திறந்தவன் அப்படியே நின்றான். முட்டை வைக்கிற வரிசையில் எட்டு பிலிம் சுருள்கள் பெட்டி பிரிக்காமல் இருந்தன.

"அம்மா, முட்டை வாங்கிட்டு வந்திருக்கேன். எங்க வைக்க?"

யோகேஸ்வரி கட்டிலில் துண்டை விரித்துக்கொண்டிருந்தாள். அன்று ஞாயிற்றுக்கிழமை.

"ஆம்லெட் போட்டுரு" என்றாள்.